அரங்கநாதன் போட்ட ஓட்டு

குருவிநத்தம் பலராமன் முப்பத்தோரு வருஷமாக ஒரே மனுவை எழுதிக்கொண்டிருந்தார். கரும்பு அவருக்குத் தொழில். மனு அவருக்கு உடம்போடு ஒட்டிய பழக்கம், சிலருக்கு வெற்றிலை மாதிரி. பிரெஞ்சுக்காரனை எதிர்த்துப் போராடிய தன் அப்பா அரங்கநாதனின் பெயரை, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் வைக்கப்போகும் தியாகிகள் கல்லில் சேர்க்க வேண்டும் என்பது மனுவின் சாரம். கல்லும் முப்பத்தோரு வருஷமாக வைக்கப்போகும் கல்லாகவேதான் இருந்தது. இதற்குள் பதினான்கு அதிகாரிகள் அந்த மனுவைப் படித்துவிட்டார்கள். மூன்று பேர் ஓய்வு பெற்று, இறந்தும் போனார்கள். மனு மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

மனு தள்ளுபடியாவதற்கு ஒரே காரணம்தான். 1951 ஜூன் மாதத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் அரங்கநாதன் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டிருந்தது. ஓட்டுப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் நகராட்சித் தலைவரை மேர் என்பார்கள். குருவிநத்தத்தில் விழுந்த ஓட்டு எல்லாம் பிரெஞ்சுக்காரனுக்கு வேண்டிய மேரின் கட்சிக்கே விழுந்தது. நூற்றுக்கு நூறு. சைகோனில் பட்டாளத்தில் இருந்தவர்கள் போட்டார்கள், காலராவில் போனவர்கள் போட்டார்கள், ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு வேதாசலமும் போட்டிருந்தார். ஆனால் அலுவலகம் அந்தக் கோட்டைத்தான் நம்பும். பிரெஞ்சுக்காரனுக்கு ஓட்டுப் போட்டவர் பிரெஞ்சுக்காரனை எப்படி எதிர்த்திருப்பார் என்று பதினான்கு அதிகாரிகளும் ஒரே கையெழுத்தில் எழுதியது போல எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பலராமன் வைத்திருந்த பதில் ஊருக்கே மனப்பாடம். அப்பா மேல் வாரண்டு இருந்தது. பெண்ணையாற்றுக்கு அக்கரை கடலூர்ச் சீமை, இந்திய மண். அங்கேதான் ஒளிந்திருந்தார். நிலா இல்லாத ராத்திரிகளில் ஆற்றை நீந்திக் கடந்து வந்து, கலியம்மாளை ஒரு நாழிகை பார்த்துவிட்டு, கோழி கூவுவதற்குள் திரும்பிவிடுவார். அப்படி வந்துபோனதில் ஒரு ராத்திரிக்குப் பிறந்தவர்தான் பலராமன். இப்படித் தலைமறைவாக வந்துபோகிறவர் பட்டப்பகலில் வரிசையில் நின்று ஓட்டுப் போடுவாரா? அந்த ஓட்டு கள்ள ஓட்டு. பிறகு ஒருநாள் அப்பா வரவில்லை. எங்கே போனார், எப்படிப் போனார் என்பதுதான் தெரியவில்லை. ஒவ்வொரு நவம்பர் ஒன்றாம் தேதியும், விடுதலை நாள் என்று பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றியதும், பலராமன் மைக்கைப் பிடித்து இதைச் சொல்வார். ஆற்றின் நடுவில் அப்பா மூச்சை அடக்கி முங்கும் இடத்தில் கூட்டத்தில் ஒரு இருமல்கூடக் கேட்காது.

இந்த வருஷம் கல் நிஜமாகவே வந்துவிட்டது. கருப்புக் கிரானைட், ஆறடி உயரம், பாகூர் அலுவலகத்துக் கொல்லையில் தார்ப்பாய் போர்த்திச் சாத்தியிருந்தார்கள். பெயர் சேர்க்கக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. அதே வாரத்தில்தான், இரண்டு வருஷத்துக்கு முன்பு பழைய போலீஸ் ஆவணங்களின் நகல் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலாக ஓர் உறை வந்தது. உள்ளே பிரெஞ்சில் இரண்டு தாள். பலராமனுக்கு அதில் படிக்க முடிந்தது தேதியிலிருந்த எண்களும், ‘அரங்கநாதன்’ போலத் தெரிந்த ஒரு நீளமான சொல்லும்தான். எண்களை அவர் கவனிக்கவில்லை. சொல்லைத்தான் தடவித் தடவிப் பார்த்தார்.

மகள் அருள்மொழி அவரை ஸ்கூட்டியில் உட்கார வைத்து வில்லியனூருக்கு அழைத்துப் போனாள். அவள் பிள்ளையார்குப்பத்து மருத்துவமனையில் ரெகார்டு செக்‌ஷனில் வேலை செய்கிறவள். யார் என்றைக்குச் சேர்ந்தார், யார் என்றைக்குப் பிறந்தார், யார் எத்தனை மணிக்குப் போனார் என்பதைச் சரிபார்ப்பதுதான் அவள் சம்பளத்துக்குச் செய்யும் காரியம்.

வில்லியனூரில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஆரோக்கிய பிரகாஷ் கடை வைத்திருந்தார். முன்பக்கம் ஜெராக்ஸ், பின்பக்கம் பிரெஞ்சு. கொள்ளுத் தாத்தா பட்டாளத்துச் சிப்பாய் என்று நிரூபித்தால் பாஸ்போர்ட் கிடைக்குமா என்று கேட்டு வருகிறவர்கள்தான் அவருடைய வாடிக்கைக்காரர்கள். பிரெஞ்சுக்காரனுக்காகச் சண்டை போட்ட தாத்தாக்களை நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். எதிர்த்துச் சண்டை போட்டவரைத் தேடி யாரும் வந்ததில்லை. அதனால் மரியாதையாக ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

தாளை விளக்குக்கு நேரே பிடித்து, பிரகாஷ் அவசரப்படாமல் தமிழில் சொன்னார். பெண்ணையாற்றங்கரை, குருவிநத்தம். காலை ஏழு மணி. ஆண் பிணம் ஒன்று கரை ஒதுங்கியிருந்தது. வயது முப்பது இருக்கலாம். முதுகில் இரண்டு குண்டு. சட்டைக்குள் நனைந்த நோட்டீசு நாற்பது. கலியம்மாள் என்ற பெண்ணை வரவழைத்துக் காட்டினோம். மூன்று முறை கேட்டோம். மூன்று முறையும் தன் கணவர் இல்லை என்றாள். அடுப்பில் சோறு வேகிறது, போகலாமா என்று கேட்டாள். அவளுடைய கொழுந்தன் மாரிமுத்து என்பவன், இது என் அண்ணன் அரங்கநாதன் என்று சொல்லி ரேகை வைத்தான். பிணத்தை அவனிடம் ஒப்படைத்தோம். ஆற்று மணலில் அவனே எரித்தான்.

பலராமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதுகில் இரண்டு குண்டு என்பதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். எழுபத்து மூன்று வயதில் அப்பாவின் சாவைக் கேட்டு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதைப் பிரகாஷ் அதற்கு முன் பார்த்ததில்லை. ஐந்து காப்பி போடச் சொன்னார் பலராமன். கல்லில் பெயர் வந்த மாதிரிதான் என்றார்.

பிரகாஷ் காப்பி போட்டார். வாரிசுச் சான்றுக்காகக் கொண்டுவந்திருந்த பலராமனின் பிறப்புச் சான்றிதழை மேலே வைத்து ஸ்டேப்ளரை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. தேதி பார்ப்பது அவர் தொழில், கண் தானாகப் போய்விடுகிறது. சான்றிதழில் 1952 மார்ச் மூன்று. போலீஸ் தாளில் 1951 பிப்ரவரி பதினொன்று. கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். கை போதாமல் இன்னொரு கைக்குப் போனார்.

அருள்மொழி ஹெல்மெட்டின் வாரைப் போட்டும் கழற்றியும் கொண்டிருந்தாள். அவள் விரல் விட்டு எண்ணவில்லை.

“தேதி தப்பா இருக்குமா?” என்று கடைசியில் பலராமனே கேட்டார்.

“தேதியில மட்டும் தப்பு பண்ண மாட்டானுங்க பெரியவரே. ஆளைச் சுட்டாலும் டைம் போட்டு வெப்பானுங்க.”

பிரகாஷ் நல்லவர். வாடிக்கைக்காரர் வெறுங்கையோடு போவது அவருக்குப் பிடிக்காது. அலுவலகம் சொல்லும் அந்த ஜூன் மாதத்து ஓட்டு என்றைக்குப் போட்டது என்று விசாரித்தார். ஜூன் பதினேழு. மறுபடி விரலைத் தொட்டார். இந்தத் தடவை முகம் தெளிந்தது.

“அதுலேர்ந்து எண்ணுனா அளவெடுத்துத் தெச்ச மாதிரி வருது. இந்தத் தாளை நீங்க பாக்கவே இல்லன்னு வெச்சிக்கோங்க. அவரு ஓட்டுப் போட்டாருன்னு ஒத்துக்கோங்க.”

“அப்போ கல்லு?”

“கல்லுல அவரு வரமாட்டாரு. சர்ட்டிபிகேட்ல நீங்க வருவீங்க.”

கரிக்கலாம்பாக்கம் தாண்டும் வரை பலராமன் உறையைச் சட்டைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை பலராமன் வேலம்மாளைப் பார்க்கப் போனார். வேலம்மாளுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. கலியம்மாளுக்குப் பக்கத்து வீடு, கூட நடவு நட்டவள், அந்தக் காலத்து ஆட்களில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். பேரன் கட்டிய மாடி வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில், காருக்கும் சுவருக்கும் நடுவே கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். கண் மங்கிவிட்டது. காது மட்டும் வேண்டியது கேட்கும்.

போலீஸ் தாளில் இருந்ததை எல்லாம் அவர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு, நீ இத்தனை நாள் தேடினது இதைத்தானா என்றாள். பிறகு எழுந்து உட்காராமலே சொல்ல ஆரம்பித்தாள்.

பிணத்தைப் பார்க்கக் கலியம்மாளோடு போனது அவள்தான். அதற்கு முந்தின வாரம் பக்கத்து ஊரில் ஒருத்தனை இதேபோல சுட்டுப் போட்டிருந்தார்கள். அவன் பெண்டாட்டி பிணத்தின் மேல் விழுந்து அழுதாள். அழுததுதான் சாட்சி. அன்று சாயங்காலமே மேரின் ஆட்கள் வந்து அவள் வீட்டைக் கொளுத்தினார்கள். கலியம்மாள் ஆற்றங்கரைக்குப் போகும் வழியிலேயே முடிவு செய்துகொண்டாள். புருஷனின் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், இல்லை என்றாள். வீட்டுக்கு வந்தால் சோறு குழைந்திருந்தது. அதைக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தாள். அழவில்லை என்பதால் துக்கம் இல்லை. துக்கம் இல்லை என்பதால் பத்தாம் நாள் இல்லை. தாலியைக் கழற்றவில்லை. கழற்றினால் காட்டிக்கொடுத்துவிடும். சின்னவன் மாரிமுத்துவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. அண்ணனை நாய் இழுத்துவிடும் என்று பயந்து, ஆமாம் என்று ரேகை வைத்துவிட்டான்.

ரேகை வைத்ததற்கு விலை ஜூனில் வந்தது. வீடு நிற்க வேண்டுமானால் அந்த வீட்டிலிருந்து இரண்டு ஆண் ஓட்டும் விழ வேண்டும் என்று மேரின் ஆட்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். மாரிமுத்து வரிசையில் இரண்டு தடவை நின்றான். இரண்டாவது தடவை அண்ணன் பெயரைச் சொன்னான். யாரும் எதுவும் கேட்கவில்லை. கோடு போட்டுக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

“செத்தவன் பேரைச் சொல்லிட்டு வந்து வாசல்ல குந்திகினு அழுதான் பாரு. நாலு மாசமா அந்த வூட்ல அழுவாத அழுவ. உங்கம்மா போயி தேத்துனா. அவளும் அழுதா.” வேலம்மாள் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். “அன்னைக்குத்தான்னு நெனைக்கறேன்.”

பலராமன் காரின் பின்பக்க நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ அவரு ஆத்துல நீந்தி வந்ததுன்றது?”

“ஜூன் மாசம் ஆத்துல ஏதுடா தண்ணி நீந்தறதுக்கு? மொழங்கால்கூட நனையாது.”

அது அவருக்குத் தெரியும். ஐம்பது வருஷம் அந்த ஆற்றை நம்பிக் கரும்பு வைத்தவர். ஆனியில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவர். ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மார்ச் மாதம் பிறந்த தன்னிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த ராத்திரியில் ஆறு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நவம்பரிலும் அவருக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் விவசாயிகள்.

“ஊருக்கெல்லாம் தெரியுமா அத்த?”

“தெரியாம? அந்தக் கதையைக் கட்டுனதே நாங்கதான். வயிறு தெரிய ஆரம்பிச்சிது. ஏதாவது சொல்லணும் இல்ல.”

“வருசா வருசம் மேடையில நான் பேசுவேனே. சிரிப்பீங்களா?”

“யாருடா சிரிப்பா? நல்லாத்தான் பேசுவ. அவன் தண்ணியில முங்கற எடம் எனக்கு ரொம்பப் புடிக்கும்.”

வீட்டுக்கு வந்த பிறகு பலராமன் இரண்டு நாள் கொல்லைப் பக்கமே இருந்தார். மருமகள் செல்வகுமாரி கொண்டுவந்து வைத்த சோற்றைக் கோழி தின்றது. தனக்கு அம்மாவின் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. 1994-இல் கலியம்மாள் செத்தபோது ஊர்ப் பெண்கள் மஞ்சள் பூசி, பூ வைத்து, குங்குமம் இட்டு, தாலியோடு சுமங்கலியாக அனுப்பிவைத்தார்கள். நாற்பத்து மூன்று வருஷம் விதவையாக இருந்தவள் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

உறுத்தியது வேறு. தேசம் மறந்துவிட்டது, அரசாங்கம் மறந்துவிட்டது என்று முப்பத்தோரு வருஷம் எழுதினார். ஐம்பத்து நான்கில் பிரெஞ்சுக்காரன் போனதும், ஆற்றில் செத்தது அரங்கநாதன்தான் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் முதல் பட்டியலிலேயே பெயர் ஏறியிருக்கும். ஆனால் அப்போது வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. செத்தவனுக்குத் தேதி கொடுத்தால் பிள்ளைக்கு அப்பன் இல்லை. பிள்ளைக்கு அப்பன் வேண்டுமானால் செத்தவனுக்குத் தேதி இல்லை. ஊர் பிள்ளையை வைத்துக்கொண்டு தியாகியை விட்டுவிட்டது. அரங்கநாதனை மறக்கடித்தவர் யார் என்று அவர் தேடிய ஆள், மனுவின் அடியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்தான்.

அடுத்தது மாரிமுத்து. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே வீட்டின் பின்கட்டில் படுத்து, அதே நிலத்தில் உழைத்து, பலராமனைப் படிக்க வைத்தார். மேரின் கட்சிக்கு ஓட்டுப் போட்ட கோழை என்று பலராமன் இருபது வயதிலிருந்து அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. சித்தப்பா என்றுகூடக் கூப்பிட மாட்டார், “இந்தாப்பா” என்பார். எண்பத்தெட்டில் மாரிமுத்து செத்தபோது, ஒரு தியாகியின் மகன் துரோகிக்குக் கொள்ளி வைக்க மாட்டான் என்று நடுத்தெருவில் நின்று அறிவித்தார். நல்ல குரல் அவருக்கு. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தூரத்து உறவுக்காரன் வந்து வைத்துவிட்டுப் போனான். அன்றைக்குக் கலியம்மாள் எங்கே நின்றாள் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அருள்மொழியைக் கூப்பிட்டார். படிவத்தை அவரே நிரப்பியிருந்தார். அவள் வாங்கிப் பார்த்தாள். தியாகிக்கு மனுதாரர் என்ன உறவு என்ற இடத்தில் ‘தம்பி மகன்’ என்று எழுதியிருந்தது.

“நெஜமாவாப்பா?”

“பேரு கல்லுல ஏறணும். ஆனா பொய் சொல்லி ஏத்தக் கூடாது. ஒரு தபாவாவது அந்த ஆளு பேரைச் சொல்லணும்.”

அந்த ஆள் யார் என்று அவள் கேட்கவில்லை. சாவியை எடுத்தாள்.

பாகூர் அலுவலகத்தில் தியாகிகள் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பாக விஜயகுமாரி என்ற பெண் இருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு சிஸ்டம் மூடிவிடும் என்பதால் தலையை நிமிர்த்தாமல் தட்டிக்கொண்டிருந்தாள். பிரகாஷ் எழுதிக்கொடுத்திருந்த போலீஸ் தாளின் மொழிபெயர்ப்பைப் படித்ததும், இது போதும், நல்ல ஆதாரம், இதை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்றாள். பிறகு உறவு என்ற கட்டத்துக்கு வந்து நின்றாள்.

“தம்பி மகன்னு எழுதியிருக்கீங்க. சர்ட்டிபிகேட்ல மகன்னு இருக்குதே?”

“அவரு எனக்குப் பெரியப்பாம்மா,” என்றார் பலராமன். வாழ்க்கையில் முதல் தடவை சொன்ன சொல், சரியாகக் காதில் விழுந்ததா என்று தெரியாமல் இன்னொரு தரமும் சொன்னார். “பெரியப்பா. எங்கப்பா பேரு மாரிமுத்து.”

வயதான மனிதர், குழப்பம் போல என்று விஜயகுமாரி அருள்மொழியைப் பார்த்தாள். அப்பா சொல்வது சரிதான் என்றாள் அருள்மொழி.

“சரியா இருக்கலாம்க்கா. ரெகார்டுல இல்லியே. மாரிமுத்து மகன்னு ஏதாவது பேப்பர் இருக்குதா?”

இல்லை. ஒன்றும் இல்லை. தவிர, நேரடி வாரிசு மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பது விதி, தம்பி மகன் என்றால் சிஸ்டம் அடுத்த பக்கத்துக்கே போகாது என்று விளக்கினாள். மகன் என்றால் இன்றைக்கே ஏறிவிடும். இல்லாவிட்டால் தியாகியின் பெயரை அடுத்த கல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அடுத்த கல் எப்போது என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கல் விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டு.

ஜன்னலுக்கு வெளியே தார்ப்பாயின் ஒரு முனை காற்றில் படபடத்தது. மணி மூன்றே முக்கால். பலராமன் வெகுநேரம் நின்றார். பின்னால் இரண்டு பேர் வரிசையில் வந்து சேர்ந்தார்கள். முதுகில் இரண்டு குண்டோடு மணலில் கிடந்த ஒரு முப்பது வயது மனிதருக்காக, அவர் தலையை ஆட்டினார். விஜயகுமாரி சிவப்புப் பேனாவால் ‘தம்பி’ என்பதை அடித்தாள். ‘மகன்’ மட்டும் நின்றது.

“இறந்த தேதி... பிப்ரவரி பதினொண்ணு, அம்பத்தொண்ணு. உங்க பொறந்த தேதி மார்ச் மூணு, அம்பத்திரண்டு.” தட்டினாள். “தியாகி இறந்தப்ப வாரிசுக்கு வயசுன்னு ஒரு கட்டம் இருக்குது. அது தானா போட்டுக்கும்.”

தானாகப் போட்டுக்கொள்ளவில்லை. திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. அவள் மறுபடி தட்டினாள். மறுபடி வந்தது. அருள்மொழி அப்பாவின் பக்கம் நகர்ந்து நின்றாள்.

“மைனஸ் ஒண்ணுன்னு காட்டுது. மைனஸ் எடுக்காது இது.” விஜயகுமாரி நாலு மணி வெயிலைப் போலச் சலித்த முகத்தோடு கட்டத்தை அழித்தாள். “பூஜ்யம்னு போட்டுடறேன். கைக்கொழந்தையா இருந்தீங்கன்னு எடுத்துக்கும்.”

அவர் சரி என்றார்.

அச்சான தாள் சூடாக வெளியே வந்தது. பலராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, பிணத்தை எரித்தது யார் என்று எழுத எங்கேயாவது கட்டம் இருக்கிறதா என்று கேட்டார்.

“அதெல்லாம் கேக்கல பெரியவரே,” என்றாள் விஜயகுமாரி. “கீழ கையெழுத்துப் போடுங்க. அடிச்ச எடத்துலயும் ஒண்ணு.”

இரண்டு இடத்திலும் போட்டார்.